உப்புத் தண்ணீருக்கு முதல் பரிசு

எலி என்றால் தப்ரேஸுக்கு ஆகாது. பூந்தமல்லியில் அவன் வளர்ந்த தெருவில் பெருச்சாளிகள்தான் பூனைகளைத் துரத்தும். நசரத்பேட்டையில், பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டிய அந்த ஆராய்ச்சிக்கூடத்தின் மாடியில், கண்ணாடிக் கதவுக்கு அப்பால் தட்டுத் தட்டாக வெள்ளை எலிகள் ஓடுவதைக் கண்டதும் அவன் கால்கள் தாமாகவே நின்றுவிட்டன.

"நீங்க போய் விசாரிச்சிட்டு வாங்கக்கா. நான் இங்கியே காவலுக்கு நிக்கிறேன்."

"எதுக்குடா காவல்?" என்றார் பத்மா.

"ஒரு எலி தப்பிச்சி வந்துச்சுன்னா?"

"பிடிச்சிடுவியா?"

"கத்துவேன். நீங்க வந்து புடிப்பீங்க."

பத்மா அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டி உள்ளே தள்ளினார்.

ஆவடிப் பாதுகாப்புத் தொழிற்சாலையின் தரச்சோதனைப் பிரிவில் வாழ்க்கையின் பாதியைக் கழித்தவர் பத்மா. ஒரு போல்ட்டை இரண்டு விரலால் உருட்டிப் பார்த்தே "இது ஆகாது" என்று திருப்பி அனுப்புவார். அப்புறம் கருவி வைத்து அளந்தால் அது ஆகாததாகத்தான் இருக்கும். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, அம்பத்தூரில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்தபோது, குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் சிரித்தார்கள். இப்போது அவர்களே தங்கள் காணாமல் போன ஸ்கூட்டிக்கும் மாப்பிள்ளை விசாரணைக்கும் மாடி ஏறி வருகிறார்கள். தப்ரேஸ் அவருக்கு உதவியாளன், பைக் ஓட்டுபவன். அவர் கேட்கத் தயங்கும் கேள்விகளைக் கேட்கிற வாயும் அவன்தான்.

இன்று அவர்களை அழைத்திருந்தவள் வஹீதுன்னிசா. முப்பத்தைந்து வயதிருக்கும். வெள்ளைக் கோட்டு, தலையில் சாம்பல் நிற முக்காடு, தூங்காத கண்கள். புற்றுநோய்க்கு எதிராக ஒரு மருந்துப் பொருளை அவள்தான் இந்தக் கூடத்தில் உருவாக்கியிருந்தாள். அதற்கு வி-9 என்று பெயர்.

"மஞ்சள்ல ஒரு நிறப்பொருள் இருக்கு இல்லையா, அதோட தூரத்துச் சொந்தம் மேடம் இது. ஆனா கிழங்குலேர்ந்து எடுத்தது இல்ல. அணு அணுவா குடுவையில நாங்களே கட்டினது."

"அப்போ எங்கம்மா மீன் கொழம்புல போடற மஞ்சளே போதுமே டாக்டரக்கா?" என்றான் தப்ரேஸ்.

"போதாது!" வஹீதுன்னிசாவின் குரல் உயர்ந்தது. இந்தக் கேள்வியை அவள் எத்தனை கல்யாண வீடுகளில் கேட்டிருக்கிறாளோ! "மஞ்சள் தின்னா கேன்சர் போயிடும்னு யாராவது சொன்னா என் கிட்ட அனுப்புங்க. நான் பேசிக்கறேன்."

அவள் விஷயத்தைச் சொன்னாள். கட்டி வந்த எலிகளுக்கு முதல் சுற்றில் வி-9 கொடுத்துப் பார்த்தார்கள். கட்டிகள் நன்றாகச் சுருங்கின. எல்லோரும் லட்டு சாப்பிட்டார்கள். ஆனால் முதல் சுற்றில் எந்த எலிக்கு மருந்து போகிறது என்று அவளுக்கே தெரியும். ஆசை கண்ணை மறைக்கும் என்பதால், இரண்டாவது சுற்றை, எந்த எலிக்கு எது போகிறது என்று கொடுப்பவர்களுக்கே தெரியாமல் நடத்தினார்கள். ஒரு பாட்டிலில் மருந்து, இன்னொன்றில் வெறும் உப்புத் தண்ணீர். வித்தியாசம் தெரியாமலிருக்க உப்புத் தண்ணீரில் துளிக் கேசரிப் பவுடரைக் கலந்து மஞ்சளாக்கினார்கள். இயக்குநர் ரகுநாதன் தன் கையால் ஏ, பி என்று ஒட்டினார். எது மருந்து என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

"போன வெள்ளிக்கிழமை எல்லாரையும் கூப்பிட்டு ரகசியத்தை உடைச்சார். ஏ தான் மருந்து. பி உப்புத் தண்ணி." அவள் மேலே சொல்லத் தயங்கினாள்.

"பி எலிங்கதான் நல்லா இருக்கா?" என்று கேட்டார் பத்மா.

"ஓடிப் பிடிச்சு விளையாடுது மேடம். ரெண்டு எலிக்குக் கட்டி கூடக் கரைஞ்சிருக்கு. ஏ எலிங்க மெலிஞ்சு போயிருக்கு. கட்டி கொஞ்சமும் குறையல."

தப்ரேஸ் விரலை உயர்த்தினான். "நான் புரிஞ்சிக்கினது கரெக்டான்னு பாருங்கக்கா. மருந்து குடிச்ச எலி படுத்துக்கிச்சு. உப்புத் தண்ணி குடிச்ச எலி ஜம்முனு கீது. அப்போ இத்தினி மாடி கட்டி ஆராய்ச்சி இன்னாத்துக்கு? மெரினாவுல ஒரு குழாய் போட்டா வேலை முடிஞ்சுதே!"

வஹீதுன்னிசா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். சிரித்த வேகத்திலேயே அவள் கண்கள் நிறைந்தன.

"நாளைக்குக் காலையில ஹைதராபாத்லேர்ந்து முதலீட்டுக் குழு வருது. முதல் சுற்றுல நான் பொய்யா எழுதினேன், யாருக்கும் தெரியாம நடத்தினதும் குட்டு வெளியாயிடுச்சுன்னு சொல்றாங்க. வேலை போனாக் கூடப் பரவால்ல. பொய் சொன்னவள்னு ஒரு தடவை பேர் வந்துட்டா எந்த ஆராய்ச்சிக்கூடமும் என்னை உள்ள விடாது."

"பொய்யா எழுதினீங்களா?" பத்மா நேராகவே கேட்டார்.

"இல்ல."

பத்மா அவள் முகத்தையே ஒரு கணம் பார்த்தார். போல்ட்டை உருட்டிப் பார்க்கிற பார்வை அது என்று தப்ரேஸுக்குத் தெரியும்.

"சரி," என்றார். "ஒரு சோப்புக் கட்டி இருக்கா? துணி சோப்பு."

பாத்திரம் கழுவும் இடத்திலிருந்து ஒரு நீலச் சோப்பு வந்தது. பத்மா தன் வெள்ளைக் கைக்குட்டையை மேஜையில் விரித்து, ஏ பாட்டிலிலிருந்து இரண்டு சொட்டும் பி பாட்டிலிலிருந்து இரண்டு சொட்டும் தள்ளித் தள்ளி வைத்தார். பாட்டிலுக்குள் இரட்டைப் பிள்ளைகள் போலிருந்த மஞ்சள்கள் துணியில் இறங்கியதும் மாறித் தெரிந்தன. பி பளீரென்று அழுத்தமாக இருந்தது. ஏ கொஞ்சம் வெளிறியிருந்தது. கைக்குட்டையின் ஒரு பாதியை மட்டும் நனைத்துச் சோப்பைத் தேய்த்தார். பி சொட்டு நுரையோடு கரைந்து ஓடியது. ஏ சொட்டு குங்குமம் வைத்தாற்போல் சிவந்தது.

"யக்கா! மேஜிக்கு!"

"மேஜிக்கும் இல்ல, மந்திரமும் இல்ல. மஞ்சக்கறை பட்ட துணிக்கு சோப்புப் போட்டதில்லையா நீ?"

"வி-9ம் அப்படித்தான் சிவக்கும் மேடம்," என்றாள் வஹீதுன்னிசா. "பாட்டில் சரியாத்தான் இருக்கு. மெஷின்லயும் வெச்சுப் பார்த்துட்டேன்."

"பாட்டிலைப் பார்த்தீங்க. எலி வாயைப் பார்த்தீங்களா?"

எலி அறைக்குள் போகத் தலைக்குத் தொப்பி, வாய்க்கு முகமூடி, காலுக்கு உறை எல்லாம் போட வேண்டியிருந்தது. உள்ளே கால்நடை மருத்துவர் கார்த்திகேசன் நின்றிருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். நரைத்த தாடி, சிடுசிடுத்த புருவம். கேள்வி கேட்பவர்களை அவருக்குப் பிடிக்காது என்பது வணக்கம் சொன்ன விதத்திலேயே தெரிந்தது. ஆனால் கூண்டுக்குள் கையை விட்டு எலியை எடுத்தபோது மட்டும் அந்தக் கை பூப்பறிப்பது போல் இறங்கியது.

மருந்தை வாய் வழியாகத்தான் குழாய் வைத்துக் கொடுப்பார்களாம். எவ்வளவு கவனமாகக் கொடுத்தாலும் ஒரு துளி மீசையில் சிந்தும். இருபுறத்துக் கூண்டு எலிகளுக்கும் வாயோரம் மஞ்சளாகவே இருந்தது. பத்மா பஞ்சில் சோப்புத் தண்ணீரைத் தொட்டு ஏ எலியின் மீசையில் ஒற்றினார். மெல்லச் சிவந்தது. பி எலிக்கு ஒற்றினார். ஒன்றும் ஆகவில்லை.

"போதும், சோப்பு வாய்க்குள்ள போயிடும்," என்று அதட்டிய கார்த்திகேசன், ஈரத்துணியால் அந்த மீசையைத் துடைத்துவிட்டுத்தான் எலியைக் கீழே விட்டார். "இன்னும் எத்தனை பாடுதான் படும் இதுங்க?"

தப்ரேஸ் இதையெல்லாம் கதவின் கைப்பிடியை விடாமல் பிடித்தபடி பார்த்தான்.

வெளியே வந்ததும் வஹீதுன்னிசா குரலைத் தாழ்த்தினாள். "இவருக்கு என்னைக் கண்டாலே ஆகாது மேடம். 'இன்னும் எத்தனை எலி வேணும் உனக்கு'ன்னு தினம் ஒரு சண்டை. வெள்ளிக்கிழமை ரகுநாதன் சார் 'ஏ தான் மருந்து'ன்னு சொன்னதும், இவர் கையிலேர்ந்த டீ கிளாஸ் கீழ விழுந்து உடைஞ்சுது. என் தோல்வியில அவ்வளவு அதிர்ச்சியாம். அப்படியே எழுந்து போயிட்டார்."

பத்மா மாடிப்படிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து யோசித்தார்.

"பாட்டில் சரி. எலி குடிச்சதும் சரி. ஃபாக்டரியில எல்லா அளவும் சரியா இருந்து இன்ஜின் மட்டும் மக்கர் பண்ணினா நாங்க ஒரு கேள்விதான் கேப்போம். பொருத்தறதுக்கு முன்னாடி சாமானைப் பொறுக்கினது யாரு? இந்த எலி ஏ கூண்டு, அந்த எலி பி கூண்டுன்னு யார் பிரிச்சாங்க?"

"கார்த்திகேசன் சார்தான். சீட்டுப் போட்டுப் பிரிக்கணும். அவர் வேணும்னே பிரிச்சிருந்தாக் கூட எது மருந்துன்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

"பிரிக்கறதுக்கு முந்தின நாள் பாட்டில் ரெண்டும் எங்க இருந்துது?"

வஹீதுன்னிசா வாயைத் திறந்தாள், உடனே மூடிக்கொண்டாள். பிறகு, "எலி அறை ஃப்ரிட்ஜ்ல," என்றாள்.

"தொட்டதெல்லாம் கறையாகற தண்ணி. திறந்து பார்த்தவன் மேல அது நிச்சயம் பட்டிருக்கும். உங்க கோட்டெல்லாம் எங்க வெளுக்குது?"

பூந்தமல்லி பஸ் நிலையத்துக்குப் பின்னால் துலுக்கானம் லாண்டரி என்றாள்.

நசரத்பேட்டையிலிருந்து பூந்தமல்லி பக்கம்தான். ஆனால் மெட்ரோ வேலைக்கு அடைத்திருந்த தகரத் தடுப்புகளுக்கு இடையில் இரண்டு பஸ்ஸும் ஒரு கான்கிரீட் லாரியும் முட்டிக்கொண்டு நின்றன. தப்ரேஸ் பைக்கை ஒரு பழக்கடைக்கும் இன்னொரு பழக்கடைக்கும் நடுவே நுழைத்து, "கொய்யாவத் தள்ளி வையி நைனா, வி.ஐ.பி. போறாங்க," என்று கத்திக்கொண்டே சந்துக்குள் இறங்கினான். இது அவன் ஊர். இங்கே தடுப்புகள் எல்லாம் வெளியூர்க்காரர்களுக்குத்தான்.

துலுக்கானம் கரி இஸ்திரிப்பெட்டியை ஊதிக்கொண்டிருந்தார். வெற்றிலைச் சிவப்பு வாய், முழங்கால் வரை மடித்த லுங்கி. ஆராய்ச்சிக்கூடத்துக் கோட்டு, மஞ்சள் கறை என்று தப்ரேஸ் ஆரம்பித்ததுமே பெட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"அத்த எப்டி நைனா மறப்பேன்? அந்த ஒரு கோட்டால எங்க ஊட்டுல சோறு கெடைக்கல எனக்கு!"

"இன்னா ஆச்சு அண்ணாத்தே?"

"கையி முனையில ரெண்டு பொட்டு இருந்துச்சு. பக்கம் பக்கமா. மஞ்சப் பொட்டு. ஒண்ணு நல்லா பளிச்சுனு, இன்னொண்ணு சோகையா. தண்ணில போட்டேன். பளிச்சுனு இருந்தது தானா ஓடிப்பூட்ச்சு. சோகையா இருந்ததுக்கு சோப்பு போட்டேன் பாரு… ரத்தமாட்டம் செவந்துக்கினு வந்து நிக்கிது! எம் பொண்டாட்டி நாகம்மா பாத்துட்டா. டாக்டர் கோட்டுல வெத்தல எச்சி துப்பிட்டியா பாவின்னு ஆடித் தீத்துட்டா. தலையில அடிச்சு சத்தியம் பண்ணேன். நம்பல. வெயில்ல ரெண்டு நாளு போட்டப்புறம்தான் அது வெளுத்துச்சு. அது வரைக்கும் ஓட்டல் இட்லிதான் எனக்கு."

"கோட்டு யாருது?" என்றார் பத்மா.

துலுக்கானம் சுவரில் மாட்டியிருந்த கோட்டுகளில் ஒன்றை இழுத்துக் காலரைப் புரட்டிக் காட்டினார். வண்ணான் மையில் ஒரு குறி. மூன்று புள்ளி, அடியில் ஒரு கோடு. "இந்தக் குறிதாம்மா. எலி டாக்டரு, தாடி வெச்சிருப்பாரே அவுரு. எப்பவும் எல்லாக் கோட்டையும் மூட்டை கட்டி வாட்ச்மேன்தான் எடுத்துக்கினு வருவாரு. அந்த ஒரு கோட்ட மட்டும் அவுரே எடுத்துக்கினு வந்தாரு. போன மாசம் ஒரு நாயித்துக்கெழம, நான் கடையே தொறக்கல, வாசல்ல நிக்கிறாரு. அர்ஜென்ட்டுன்னாரு."

சந்திலிருந்து வெளியே வரும்போது தப்ரேஸுக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"முடிஞ்சுதுக்கா! தாடிக்காரர்தான் ஆளு. பாட்டிலத் தொறந்து எது மருந்துன்னு பாத்துட்டாரு. நோஞ்சான் எலியா பொறுக்கி மருந்துப் பக்கம் தள்ளிட்டாரு. டாக்டரக்கா மேல அவ்ளோ வன்மம். மூஞ்சியப் பாத்தப்பவே நெனச்சேன், இவரு நல்லவரு இல்லன்னு."

"டீ குடிக்கலாம், நிறுத்து," என்றார் பத்மா.

டீக்கடை பெஞ்சில் அவர் தன் கைக்குட்டையை எடுத்து மடியில் விரித்தார். சோப்புப் படாத பாதியில் இரண்டு சொட்டுகளும் காய்ந்து அப்படியே இருந்தன.

"நீ கார்த்திகேசன்னு வெச்சுக்கோ. உனக்கு சோப்பு விஷயம் தெரியாது. ரெண்டு சொட்டு இருக்கு. ஒண்ணு அழுத்தமான மஞ்சள், ஒண்ணு வெளிறினது. மஞ்சளுக்குச் சொந்தக்கார மருந்து எதுன்னு சொல்லுவே?"

"இதக் கேக்கணுமா? பளிச்சுனு கீறதுதான்." சொல்லிவிட்டுத் தப்ரேஸ் டீயை வாயருகே கொண்டுபோனான். கிளாஸ் பாதி வழியில் நின்றது. "யக்கா. பளிச்சுனு கீறது பி ஆச்சே."

"ம்."

"பி உப்புத் தண்ணி ஆச்சே."

"ம்."

"அப்போ அவரு பி தான் மருந்துன்னு…"

"வெள்ளிக்கிழமை வரைக்கும் நம்பியிருக்கார். எதிரியைக் கவுத்து ஜெயிச்சவன் கையிலேர்ந்து டீ கிளாஸ் விழாதுடா. பிஸ்கட் எடுத்து நனைச்சுத் தின்னுவான்." பத்மா தன் டீயை ஒரே மூச்சில் குடித்து முடித்தார். "கிளம்பு. அந்த மனுஷன் அஞ்சு நாளா எப்படித் தூங்கினாரோ."

இயக்குநர் அறையில் ரகுநாதன், வஹீதுன்னிசா, கார்த்திகேசன் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். பத்மா உட்காரவில்லை.

"டாக்டர் சார், உங்க வீட்டுல துணி யார் துவைக்கறது?"

கார்த்திகேசன் முறைத்தார். "இது என்ன கேள்வி? லாண்டரிக்குப் போடுவேன்."

"ஒரே ஒரு தடவை நீங்களே துவைச்சிருந்தா இந்தக் கேஸே வந்திருக்காது."

கைக்குட்டையை மேஜை மேல் வைத்தார். சிவந்த சொட்டு ஒரு பக்கம், காய்ந்த இரண்டு மஞ்சள் சொட்டுகள் ஒரு பக்கம். பூந்தமல்லியில் கேட்டதைச் சொன்னார். அவர் மூன்று புள்ளியையும் கோட்டையும் பற்றிச் சொல்லும்போது கார்த்திகேசனின் கை தானாகவே தன் காலரைத் தொட்டது.

"சொட்டைப் பேப்பர்ல வெச்சா குப்பையில கிடைச்சிடும்னு பார்த்தேன்," என்றார் கடைசியில். "அதனால கோட்டுக் கையிலேயே வெச்சேன்."

ரகுநாதன் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார். "யோவ்! நீயா? ஏன்யா இப்படி?"

"நல்லாத் தின்னு, ஓடியாடற எலியெல்லாம் பி கூண்டுல போட்டேன். மூலையில சுருண்டு கிடந்ததையெல்லாம் ஏ கூண்டுல போட்டேன். கட்டி அளவு எல்லாத்துக்கும் ஒண்ணுதான், அதனால யாருக்கும் சந்தேகம் வரல. பி தான் மருந்துன்னு நினைச்சேன் சார். மருந்து ஜெயிக்கணும்னுதான் பண்ணேன்."

வஹீதுன்னிசாவின் முகம் வெளுத்தது. "எனக்கு உதவி பண்ணீங்களா? நான் கேட்டேனா உங்களை?"

"உனக்கு இல்லம்மா," என்றார் கார்த்திகேசன். "எலிங்களுக்கு."

கார்த்திகேசன் தன் இரண்டு கைகளையும் மேஜை மேல் விரித்து வைத்தார்.

"முதல் சுற்றுல நான் இருந்தேன். கட்டி சுருங்கினதை என் விரலால தொட்டுப் பார்த்தவன் நான். மருந்து வேலை செய்யுது. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா இழுபறியா ஜெயிச்சா இன்னொரு சுற்று கேப்பாங்க. அது முடிஞ்சா இன்னொண்ணு. ஒவ்வொரு தடவையும் கூண்டு நிறைய எலி வரும். நோயைக் கொடுக்கறது நாம, கடைசியில முடிச்சு வைக்கறதும் இந்தக் கைதான். இந்த ஒரு சுற்று பளிச்சுனு ஜெயிச்சிட்டா இதோட முடிஞ்சிடும்னு பார்த்தேன்." அவர் வஹீதுன்னிசாவை ஏறிட்டுப் பார்த்தார். "வெள்ளிக்கிழமையே சொல்லியிருக்கணும். தைரியம் வரல. நாளைக்கு அவங்க முன்னாடி நானே சொல்றேன். உன் பேர் கெடாது."

வஹீதுன்னிசா என்னவோ கடுமையாகச் சொல்லத்தான் வாயெடுத்தாள். ஆனால் சொல்லவந்தது பாதியில் நின்றுவிட்டது. அவள் கண்கள் கைக்குட்டையிலிருந்த அந்தச் சிவப்புச் சொட்டில் குத்திட்டு நின்றன.

"சார். ஏ கூண்டுல போட்ட எலிங்க… போடும்போது எப்படி இருந்துதுங்க?"

"எதுக்கு இப்போ அது?"

"சொல்லுங்க."

"ரொம்ப மோசம். ரெண்டு வாரம் தாங்காதுன்னு நினைச்சதைத்தான் அதுல போட்டேன்."

"சுற்று ஆரம்பிச்சு ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. இப்போ அதுங்க எங்க?"

"கூண்டுலதான்…" என்று தொடங்கிய கார்த்திகேசன் சட்டென்று நிறுத்தினார். வாய் திறந்தபடி இருந்தது. ஒரு மாதமாக பி கூண்டுகள் மேலேயே கண்ணாக இருந்துவிட்டு, ஐந்து நாளாக வெட்கத்தில் ஏ கூண்டுகளைச் சரியாக ஏறிட்டுக்கூடப் பார்க்காதவர் அவர். "ஒண்ணே ஒண்ணுதான் செத்துது. மீதி எல்லாம் உயிரோட இருக்கு. எல்லாமே உயிரோட இருக்கும்மா!"

அடுத்த நிமிஷம் அறையில் ரகுநாதனைத் தவிர யாரும் இல்லை. அவரும் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னால் ஓடிவந்தார்.

எலி அறைக்குள் தொப்பியும் உறையும் மாட்டிக்கொள்ள எல்லோரும் முட்டி மோதினார்கள். கார்த்திகேசன் ஏ தட்டிலிருந்து ஒரு கூண்டை இறக்கி வெளிச்சத்தில் வைத்தார். மெலிந்த எலிதான். ரோமம் கலைந்திருந்தது. விலாவில் கட்டி தெரிந்தது. ஆனால் அது முன்னங்கால் இரண்டாலும் ஒரு தீனித் துண்டைப் பிடித்துக்கொண்டு, இவர்கள் யாரையும் லட்சியம் செய்யாமல் கொறித்துக்கொண்டிருந்தது.

"இது தின்னவே தின்னாது," என்றார் கார்த்திகேசன். "பிரிச்ச அன்னிக்கு இதுக்குத் தண்ணி கூட நான்தான் சொட்டு சொட்டா விட்டேன்."

கதவருகே நின்ற தப்ரேஸ் தன்னை மறந்து இரண்டடி உள்ளே வந்திருந்தான். "தின்னு கண்ணு, தின்னு," என்றான்.

ரகுநாதனுக்கு உற்சாகம் பொங்கியது. "வஹீதா, விஷயம் அப்படியே தலைகீழாப் போச்சே! சாகக் கிடந்த எலியைக் கூட நிறுத்தி வெச்சிருக்கு. நாளைக்கு இதையே சொல்லிடுவோம். முதல் சுற்றை விடப் பிரமாதம்!"

வஹீதுன்னிசா கூண்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள், கன்னத்தில் கண்ணீரும் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் தலையை அசைத்தாள்.

"முடியாது சார். இது பொறுக்கிப் போட்ட எலி. எனக்கு எதிராப் பொறுக்கினா தப்பு, எனக்குச் சாதகமா இருந்தா சரியா? அதுங்க தானாவே தேறியிருக்கலாம். இவர் கணக்கு தப்பியிருக்கலாம். நடந்ததை நடந்த மாதிரியே சொல்லப் போறேன். மறுபடியும் முதல்லேர்ந்து, ஒழுங்காச் சீட்டுப் போட்டு."

"அப்போ இன்னும் எலி வரும்," என்றார் கார்த்திகேசன்.

"வரும் சார். உங்களால."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பத்மா தப்ரேஸின் சட்டையைப் பிடித்து இழுத்தார். "வா. இனிமே நமக்கு இங்க வேலை இல்ல."

மறுநாள் மதியம் அம்பத்தூர் அலுவலகத்தில் போன் அடித்தது. தப்ரேஸ் எடுத்து, பத்மாவுக்கும் கேட்கும்படி ஒலியைக் கூட்டி வைத்தான்.

"மூணாவது சுற்றுக்குச் சரின்னுட்டாங்க மேடம்!" வஹீதுன்னிசாவின் குரலில் மூச்சு வாங்கியது. "கார்த்திகேசன் சார் எல்லாத்தையும் அவர் வாயாலயே சொன்னார். குழுவுல ஒரு வயசான விஞ்ஞானி. கோவமாக் கேட்டுக்கிட்டே இருந்தார். கடைசியில ஒண்ணுதான் கேட்டார். ஏ எலிங்க இன்னும் இருக்கான்னு. இருக்குன்னேன். அப்போ அதுங்களை முடிச்சிடாதீங்க, மருந்தை நிறுத்தாம குடுத்து எவ்வளவு நாள் வாழுதுன்னு பாருங்கன்னுட்டார்."

"தாடிக்கார டாக்டர் கதி?" என்றான் தப்ரேஸ்.

"வேலையை விட்டு அனுப்பணும்னுதான் சொன்னாங்க. புதுச் சுற்றுப் பக்கம் அவரைச் சேர்க்காதீங்க, ஆனா அந்த ஏ எலிங்களைப் பார்த்துக்க அவரை விட்டா எனக்கு ஆள் இல்லன்னு நான் சொன்னேன். ஒத்துக்கிட்டாங்க."

"நீங்களா சொன்னீங்க?" பத்மா புருவத்தை உயர்த்தினார்.

"சொல்லிட்டேன். அதுக்காக அவர் மேல கோவம் போயிடுச்சுன்னு நினைக்காதீங்க. இன்னும் ரெண்டு வருஷத்துக்குத் திட்டறதுக்கு இருக்கு." டிபன் கேரியர் மூடி திறக்கும் ஓசை போனில் கேட்டது. "காலையிலேர்ந்து எலி அறை வாசல்லயே உட்கார்ந்திருக்கார் மேடம். சாப்பிடக் கூப்பிட்டா வரமாட்டேங்கறார். எங்கம்மா இன்னிக்கு நெய்ச்சோறு கட்டிக் குடுத்திருக்காங்க. ரெண்டு பேருக்குக் காணும். கொண்டு போறேன். அப்புறம் பேசறேன், என்ன?"

படியிறங்கும் அவள் காலடிச் சத்தம் கொஞ்ச தூரம் கேட்டது. "சார், நகருங்க, நானும் உட்காரணும்," என்று அவள் யாரையோ அதட்டியதும் கேட்டது. அதற்கப்புறம்தான் போனை வைத்தாள்.